கரியும் எருவும்: நான்கு தொட்டிச் சோதனை

பள்ளித் தோட்ட மண்ணில் அடுப்புக்கரி இட்டால் செடி செழிக்குமா? மாணவர்களே விடை காணட்டும்.

அமேசான் காட்டு மண் பொதுவாகச் சத்துக் குறைந்தது. ஆயினும் அங்குச் சில இடங்களில் வளமான கறுப்பு மண் உண்டு. இதற்கு 'டெர்ரா பிரேட்டா' என்று பெயர். பழங்குடியினர் காலங்காலமாக இட்ட கரி, எலும்பு, உணவுக்கழிவு, பானை ஓடு ஆகியவை அதில் கலந்துள்ளன.

கரியில் சத்து குறைவு. அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். வெறுங்கரியை இட்டால் மண்ணின் தழைச்சத்தையும் அது பிடித்துக்கொள்ளக்கூடும். எனவே, பொடித்த கரியைச் சம அளவு மட்கிய எருவுடன் ஈரமாகக் கலந்து மூன்று வாரம் வைத்த பின்னரே இட வேண்டும்.

செயல்பாடு: நான்கு தொட்டிகளிலும் 10 பங்கு மண் நிரப்புக.

1. மண் மட்டும்
2. மண், 1 பங்கு கரி
3. மண், 1 பங்கு எரு
4. மண், எருவில் ஊறிய கரி (எரு 1 பங்கு, கரி 1 பங்கு)

ஒவ்வொன்றிலும் 20 கீரை விதைகளை விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றுக. முளைத்தவற்றின் எண்ணிக்கை, உயரம், இலை நிறம் ஆகியவற்றை வாரந்தோறும் குறிக்கச் செய்க.

கவனம்: நன்கு ஆறிய கரியை நனைத்த பின்பே பொடிக்க வேண்டும், இல்லையேல் தூசி மூச்சில் ஏறும். சாம்பலைச் சலித்து நீக்குக. களர் மண்ணில் கரி இடுவதைத் தவிர்க்க.

மூன்றாம் தொட்டியை விட்டுவிட வேண்டாம். பலன் எருவால் வந்ததா, கரியால் வந்ததா என்பதை அதுவே காட்டும். மூன்றும் நான்கும் ஒன்றுபோல் வளர்ந்தால், அதையும் மாணவர் அப்படியே எழுதட்டும். கண்டதைக் கண்டபடி பதிவதே அறிவியலின் முதல் பாடம்.