தெற்கத்தி டீசலும் வடக்குக் குளிரும்

டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. டீசல் எளிதாகப் பற்றி எரிய அது உதவுவதால், சுத்திகரிப்பு ஆலைகள் அதை அடியோடு நீக்குவதில்லை. குளிர் கூடும்போது அந்த மெழுகு மூன்று கட்டங்களில் வெளிப்படும். முதலில் நுண்ணிய படிகங்கள் தோன்றி டீசல் கலங்கும். அடுத்து, படிகங்கள் சேர்ந்து ஃபில்டரை அடைக்கும். கடைசியில் டீசல் ஓடாமல் களியாகிவிடும். வண்டி பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. டேங்கில் டீசல் திரவமாகத்தான் தெரியும். ஆனால் எஞ்சினுக்குப் போய்ச் சேராது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஓடும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் இங்கே தயாராகும் வண்டிகள் இங்கேயே ஓடுவதில்லை. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் கார்கள் டிரெய்லர்களில் வடக்கே போகின்றன. 2012-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட டெய்ம்லர் ஆலையின் பாரத்பென்ஸ் லாரிகளும் நாடெங்கும் விற்பனைக்குச் செல்கின்றன. மார்கழி, தை மாதங்களில் இங்கிருந்து பஞ்சாப், ஜம்மு பக்கம் கிளம்பும் வண்டி, சில நாட்களில் முப்பது டிகிரியிலிருந்து ஐந்து டிகிரிக்கும் கீழே போய்விடும். அப்போது டேங்கில் இருப்பது எந்த ஊர் டீசல் என்பதே முக்கியம்.

டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1460. ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை கோடையில் 18 டிகிரி வரையும், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் 6 டிகிரி வரையும் இருக்கலாம் என்கிறது அது. இவை உச்ச வரம்புகள். பங்கில் கிடைக்கும் டீசல் இதைவிடக் குளிர்தாங்குவதாக இருக்கலாம். ஆனால் தரச்சான்று உறுதியளிப்பது இவ்வளவுதான். குளிரே இல்லாத ஊருக்கு அனுப்பும் டீசலில் குளிர்தாங்கும் தன்மையைக் கூட்ட ஆலைக்கு அவசியமும் இல்லை. கடுங்குளிருக்கென்றே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் தனி வகை டீசலை அறிமுகப்படுத்தியது. பானிப்பட் ஆலையில் தயாராகும் அது மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் இழக்காது.

ஆகவே முதல் பாடம் டீசல் நிரப்பும் கணக்கு. பெரிய லாரியின் டேங்கில் 300 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இங்கே முழுதாக நிரப்பினால் நாக்பூர் தாண்டியும் தெற்கத்தி டீசலிலேயே வண்டி ஓடும். நாக்பூருக்கு வரும்போது டேங்க் முக்கால்வாசி காலியாகும்படி அளந்து நிரப்பி, அதன்பின் வடக்குப் பங்குகளில் நிரப்புவது நல்லது. மலையேறும் முன் கடைசி முறையாக நிரப்புவது அந்த வட்டாரத்துக் குளிர்கால டீசலாக இருக்க வேண்டும். டிரெய்லரில் போகும் கார்களின் டேங்கிலும் கொஞ்சம் டீசல் உண்டு. போய் இறங்கியதும் அதன்மேல் உள்ளூர் டீசலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் குழாயிலும் ஃபில்டரிலும் தேங்கிய பழைய டீசல் மாறும்.

இரண்டாவது, தண்ணீர். டீசலில் சேரும் நீர் பூச்சியத்திலேயே பனிக்கட்டியாகி, மெழுகு அடைக்காவிட்டாலும் ஃபில்டரை அடைத்துவிடும். கிளம்பும் முன் புது ஃபில்டர் மாட்டி, வாட்டர் செபரேட்டரை வடித்துவிட வேண்டும். கேபினில் மாற்று ஃபில்டர் ஒன்று இருப்பது நல்லது.

குளிர்தாங்கும் சேர்மானங்கள் கடையில் கிடைக்கும். அவை மெழுகை அகற்றுவதில்லை. படிகங்கள் பெரிதாக வளர்ந்து பின்னிக்கொள்ளாமல் தடுக்கின்றன. அதனால் டீசல் கலங்கும் முன்பே கலக்க வேண்டும். கட்டியான பின் ஊற்றிப் பயனில்லை. மண்ணெண்ணெய் கலப்பது பழைய லாரிகளின் வைத்தியம். இன்றைய பி.எஸ்.-6 எஞ்சினுக்கு அது ஆகாது. அதிலுள்ள கந்தகம் புகை வடிகட்டும் அமைப்பைக் கெடுக்கும். மசகுத்தன்மை குறைவதால் உயர் அழுத்தப் பம்பு தேயும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படியும் குற்றம். பெட்ரோல் கலப்பது தீ விபத்துக்கு வழி.

இரவில் நிறுத்தும்போது குளிர்காற்று டேங்கிலும் ஃபில்டரிலும் நேராக அடிக்காத இடமாகப் பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் அதே டீசலை எடுத்து மூடி வண்டிக்குப் பக்கத்தில் வைத்தால், காலையில் அது கலங்கியிருக்கிறதா என்று பார்த்தே நிலைமையை அறியலாம்.

புகையைச் சுத்தமாக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் வேறு கணக்கு. 32.5 விழுக்காடு யூரியா கொண்ட அது மைனஸ் 11 டிகிரியில் உறைந்து விரியும். அதனால் அதன் தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. எஞ்சினை நிறுத்தியதும் குழாயில் உள்ள ஆட்ப்ளூவைத் தொட்டிக்குத் திரும்ப இழுக்கும் வண்டிகளில், அது முடியும்வரை பேட்டரி சுவிட்சை அணைக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு வண்டி நின்றால், டேங்குக்கு அடியில் தீ மூட்டும் பழக்கத்தைக் கையில் எடுக்கவே கூடாது. குழாயும் வயரிங்கும் கருகும், வண்டியே எரிந்துபோகலாம். செல்ஃபை விடாமல் அடித்தால் பேட்டரிதான் தீரும். வண்டியை வெயில்படும் இடத்துக்கோ மூடிய கொட்டகைக்கோ இழுத்துச் செல்லலாம். ஃபில்டர் மேலும் குழாய் மேலும் வெந்நீர் ஊற்றலாம். டேங்கில் உள்ள டீசல் தெளிந்த பிறகே புது ஃபில்டரை மாட்டி, கைப்பம்பால் காற்றை எடுத்து, வண்டியைக் கிளப்ப வேண்டும்.