கரடிக்கு யார் வைத்த பெயர்?

“பாலைப்பழம் பொறுக்கப் போனால் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போக வேண்டும். சத்தம் கேட்டால் கரடி விலகிவிடும். திடீரென்று முட்டுப்பட்டால் முகத்தில்தான் பாயும்.” இது என் உம்மம்மா சொல்வது. 1990இல் இடம்பெயர்வதற்கு முன், முசலிக் காடுகளில் அவர் கற்ற பாடம். அதே கரடியின் விஞ்ஞானப் பெயரைத் தேடியபோது ஒரு வேடிக்கையான தவறு கண்ணில் பட்டது.

ஒவ்வோர் உயிருக்கும் சாதிப் பெயர், இனப்பெயர் என இரு சொற்களில் பெயரிடும் முறையை லின்னேயஸ் நிலைநாட்டினார். அதன்படி 1791இல் ஜோர்ஜ் ஷோ என்ற ஆங்கிலேயர் நமது கரடிக்குப் பெயரிட்டார். நீண்ட, வளைந்த நகங்களையும், மேல்தாடையில் இரு முன்பற்கள் இல்லாததையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தொங்கும் மந்த விலங்கான ‘ஸ்லோத்’தின் உறவென நினைத்து, ‘பிரடிபஸ் ஊர்சினஸ்’ என்றார். ‘கரடி போன்ற ஸ்லோத்’ என்பது கருத்து!

1793இல் மேயர் என்பவர் இதற்கு ‘மெலூர்சஸ்’, அதாவது தேன்கரடி, என்ற சாதிப் பெயரைத் தந்தார். சாதி மாறினாலும் முதலில் இட்ட இனப்பெயர் மாறாது என்பது விதி. எனவே இன்றைய பெயர் ‘மெலூர்சஸ் ஊர்சினஸ்’: கரடி போன்ற தேன்கரடி! இலங்கையிலுள்ள உபஇனம் ‘இனோர்னாட்டஸ்’, அதாவது அலங்காரமற்றது.

அமெரிக்காவின் கிரிஸ்லி கரடிக்கும் இதே கதிதான். ‘கிரிஸ்லி’ என்பது அதன் உரோம நுனியின் நரையைக் குறித்த சொல். ஆனால் 1815இல் ஜோர்ஜ் ஓர்ட் வைத்த பெயரோ ‘ஹொரிபிலிஸ்’, பயங்கரமானது.

நம் முன்னோர் இதை எவ்வாறு பார்த்தார்கள்? சங்க இலக்கியம் கரடியை ‘எண்கு’ என்கிறது. அது புற்றைத் தோண்டிக் கறையான் தின்பதையும் சொல்கிறது. ஷோ குறையாகக் கண்ட பல் இடைவெளி, கறையானை உறிஞ்சுவதற்கான வழி. அவர் ஸ்லோத்துக்கு ஒப்பிட்ட நகம் புற்றைத் தோண்டும் கருவி.

ஆங்கிலத்தில் இன்னும் ‘ஸ்லோத் பெயர்’ என்றே அழைக்கிறார்கள். தமிழில் சிலர் அதைச் ‘சோம்பற்கரடி’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தப் பெயரை நம்பி யாரும் காட்டுக்குள் போய்விட வேண்டாம். அது மனிதனைவிட வேகமாக ஓடும்!

வில்பத்துக் காட்டில் இன்றும் கரடிகள் இருக்கின்றன. சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. ஆனால் காட்டை அறிந்த நம் மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள். தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மரங்கள், மீன்கள், விலங்குகளின் ஊர்ப் பெயர்களைக் கேட்டு, உயிரியல் கொப்பியில் விஞ்ஞானப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.