தூக்கம் வரலையா, கலைஞ்சு போயிடுதா? பிராதுல என்ன எழுதுறது?



நான் கடலூர்க்காரன். மென்பொருள் வேலை. வீட்டிலிருந்தே அமெரிக்கக் குழுவோட ராத்திரி மீட்டிங். போன வருஷம் நாலு மாசம் சரியான தூக்கமே இல்லை. "விருத்தாசலம் போய் கொளஞ்சியப்பர்கிட்ட ஒரு பிராது கட்டிட்டு வாடா"ன்னு அம்மா சொன்னாங்க. மணவாளநல்லூர்ல நம்ம முருகன்கிட்ட குறையை மனுவா எழுதிக் கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

பேப்பர் எடுத்து "எனக்குத் தூக்கம் இல்லை"ன்னு எழுதினேன். அதுக்கு மேல எழுத வரல. ஆபீஸ்ல யாராவது "ஆப் வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதி அனுப்பினா திருப்பி அனுப்பிடுவோம். எப்போ, எப்படி, எத்தனை தடவைன்னு கேட்போம். முருகனுக்கு மட்டும் அரைகுறையா எழுதலாமா? நம்ம பேச்சுல இருக்கிற சொற்களையே வரிசையா எழுதிப் பார்த்தேன்.

1. தூக்கம் பிடிக்கல: படுத்தும் புரண்டுக்கிட்டே இருக்கிறது.

2. தூக்கம் கலையுது: வந்த தூக்கம் நடுராத்திரியில போயிடுறது.

3. முழிப்பு தட்டிடுது: விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து, திரும்பத் தூங்க முடியாதது.

4. கோழித்தூக்கம்: சின்னச் சத்தத்துக்கும் முழிச்சுக்கிறது.

5. "நேத்து எனக்கு சிவராத்திரி": ராத்திரி முழுக்கக் கண் விழிச்சது.

அஞ்சாவதுலதான் நான் நின்னுட்டேன். சிவராத்திரிக்கு சிதம்பரத்துல நாம விரும்பித்தான் கண் விழிக்கிறோம். அது தூக்கமின்மை ஆகாது. தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராததுதான் தூக்கமின்மை. வாரத்துக்கு 3 ராத்திரியாவது, 3 மாசத்துக்கு மேல அப்படி இருந்து, பகல் பொழுதையும் கெடுத்தா அதை நாள்பட்ட தூக்கமின்மைன்னு மருத்துவத்துல சொல்றாங்க. என் கணக்கைப் பார்த்தேன். வாரத்துல நாலு ராத்திரி தூக்கம் பிடிக்கல, அது உண்மை. மீதி ராத்திரிகள்ல மீட்டிங் முடிஞ்சும் ரெண்டு மணி வரைக்கும் போன் பார்த்தது நான்தான். அதுக்கு யார் மேல பிராது கொடுக்கிறது?

'தூங்கு'ங்கிற சொல்லுக்குப் பழைய பொருள் தொங்குதல், அசைதல். தொங்கும் கூடு கட்டுறதாலதான் தூக்கணாங்குருவி. நம்ம மாவட்டத்துப் பெண்ணாடம் கோயிலுக்குத் தூங்கானை மாடம்னு பேர். படுத்திருக்கும் யானையோட முதுகு மாதிரி விமானம். எனக்கு இதுல ஒண்ணு புரிஞ்சது. தூக்கம்னா கை கால் மனசு எல்லாத்தையும் தளரவிடுறது. நானோ "இப்பவே தூங்கியாகணும்"னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

குறுந்தொகை 138-ல, கொல்லன் அழிசி பாட்டுல, ஊரே தூங்குது, தலைவியும் தோழியும் மட்டும் தூங்கல. பக்கத்துல நொச்சிப்பூ உதிர்ற சத்தம் கூட அவங்களுக்குக் கேக்குது. அந்த நொச்சி இலைக்குப் புலவர் சொன்ன உவமை மயிலின் கால்! முருகனடியார் யாருக்கும் மறக்காது. தூக்கம் வராதவங்க காதும் மனசும் எவ்வளவு கூர்மையா இருக்கும்னு இதை விட யார் சொல்ல முடியும்?

சிதம்பரத்துல ஒரு மருத்துவரைப் பார்த்தேன். முதல் கேள்வியே "தூக்கம் வரலையா, வந்து கலையுதா?"ங்கிறதுதான். பட்டியலை நீட்டினேன். அவர் சொன்ன வழி: எப்போ படுத்தாலும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கணும். சுமார் 20 நிமிஷம் தூக்கம் வரலேன்னா படுக்கையை விட்டு எழுந்து வேற இடத்துல உட்காரணும், கண் சொருகும்போது திரும்பப் படுக்கணும். முழிச்சபடி கவலைப்படுற இடமா படுக்கை பழகிடக் கூடாதாம்.

அன்னிக்கே நடராஜர் கோயிலுக்குப் போனேன். ஒரே இடத்துல நின்னு ஆடுற நடராஜரையும், பள்ளிகொண்ட கோவிந்தராஜரையும் பார்க்கலாம். ஆட்டமும் உறக்கமும் பக்கத்துப் பக்கத்துல. அப்புறம் அங்கேயே பாண்டிய நாயகத்துல முருகனைக் கும்பிட்டுட்டு, பிராதை எழுதி முடிச்சேன்: "வாரத்துல நாலு ராத்திரி, நாலு மாசமா, படுத்தும் தூக்கம் பிடிக்கல. மத்த ராத்திரிக்கு நானே பொறுப்பு. அதை நான் சரி பண்றேன், இதை நீ பார்த்துக்கோ."

இப்போ வாரத்துல அஞ்சு நாள் நல்லாத் தூங்குறேன். மீதி ரெண்டு நாள் நொச்சிப்பூ சத்தம்தான். உங்களுக்கும் இந்தக் கஷ்டம் இருந்தா, முதல்ல எந்தச் சொல் உங்களுதுன்னு பாருங்க. மருத்துவர்கிட்டயும் முருகன்கிட்டயும் அதையே சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!