பாடம் 9 – இரண்டு ஊசிக்குழல்கள்

தில்லியில் உள்ள மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவப் பிரிவில் காலை ஏழரை மணிக்கே பரபரப்புத் தொடங்கிவிடும். இரவுப் பணி முடித்த செவிலியர், பகல் பணிக்கு வந்தவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் கூறிப் பொறுப்பை ஒப்படைப்பர். அந்நேரத்தில்தான் செவிலியர் கல்லூரி மாணவியரும் வெள்ளைச் சீருடை அணிந்து, கையில் குறிப்பேட்டுடன் வந்து நிற்பர்.

அப்பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வந்தார் ஒரு செவிலியர். அவர் திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். திருமணத்திற்குப் பின் தில்லிக்குக் குடிபெயர்ந்தவர். ஒரு நாள், மகன் வீட்டிற்கு வந்திருந்த தமிழ் முதியவர் ஒருவர் அங்குச் சேர்க்கப்பட்டார். அவருக்கு இந்தி தெரியாது. அவர் மார்பில் கை வைத்து ஏதோ கூறியதைக் கண்ட மணிப்பூர் மாணவி, பதறி ஓடிவந்து செவிலியரை அழைத்தாள். செவிலியர் முதியவரின் அருகே அமர்ந்து, "ஐயா, நெஞ்சு வலிக்கிறதா, கரிக்கிறதா?" என்று தமிழில் கேட்டார். "கரிக்கிறது அம்மா, சாப்பிட்டதிலிருந்தே கரிக்கிறது" என்றார் அவர். வேற்றூரில் தம் மொழி காதில் விழுந்ததுமே அவருடைய முகம் தெளிந்துவிட்டது.

ஆயினும், செவிலியர் அத்துடன் விட்டுவிடவில்லை. உடனே மருத்துவருக்குத் தெரிவித்து, இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈசிஜி எடுக்க ஏற்பாடு செய்தார். அன்று இதயத்தில் குறை ஏதும் காணப்படவில்லை. பிறகு அம்மாணவி, "சிஸ்டர், அது வெறும் எரிச்சல் என்று அவரே கூறிவிட்டாரே! பின்னும் ஏன் ஈசிஜி எடுத்தீர்கள்?" என்று வினவினாள். "அனுபவம்" என்றார் செவிலியர்.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. 'அனுபவம்' என்பது அம்மாணவிக்கு விடையாகுமா? மாரடைப்பும் சில வேளைகளில் வெறும் நெஞ்செரிச்சலைப் போலவே தோன்றும் என்பதை அவர் அறிவார். முதியவர்களிடமும் நீரிழிவு நோயாளிகளிடமும் கடும் வலி இல்லாமலே அது வரக்கூடும் என்பதையும் அறிவார். அறிந்ததை முறைப்படி எடுத்துரைக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. செய்யத் தெரிந்தவர் எல்லாரும் கற்பிக்கத் தெரிந்தவர் அல்லர். செவிலியர் ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அன்றுதான் எழுந்தது. அதற்கு முதுநிலைப் பட்டம் பெற வேண்டும்.

வீட்டில் இச்செய்தி எளிதாக ஏற்கப்படவில்லை. படிப்பு இரண்டு ஆண்டுகள். அக்காலம் முழுவதும் ஊதியமில்லா விடுப்பு. வீட்டு வாடகை, மகளின் படிப்பு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தும் கணவரின் வருவாயை மட்டுமே நம்பி நிற்கும். ஏழாம் வகுப்பில் பயிலும் மகளோ, "அம்மா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! மறுபடியும் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

தாய் மகளின் கணக்கு ஏட்டை எடுத்து, அதில் இரண்டு ஊசிக்குழல்களை வரைந்தார். ஒன்றின் மூடிக்குச் சிவப்பு வண்ணமும் மற்றதன் மூடிக்கு ஆரஞ்சு வண்ணமும் தீட்டினார். நீரிழிவு நோயாளிகளுக்குச் செலுத்தும் இன்சுலின் நம் நாட்டில் குப்பிகளில் பெரும்பாலும் இரு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு வகைக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகுகள் இருக்கும். மற்றொரு வகையில் 100 அலகுகள் இருக்கும். முதல் வகைக்குச் சிவப்பு மூடி ஊசிக்குழலையும், இரண்டாம் வகைக்கு ஆரஞ்சு மூடி ஊசிக்குழலையும் பயன்படுத்த வேண்டும். "நோயாளிக்கு 20 அலகுகள் தேவை. 100 அலகுக் குப்பியிலிருந்து, தவறுதலாகச் சிவப்பு மூடி ஊசிக்குழலில் 20 என்ற கோடு வரை மருந்தை எடுத்தால், எத்தனை அலகுகள் உடலுக்குள் செல்லும்?" என்று தாய் கேட்டார்.

மகள் கணக்கிட்டாள். சிவப்பு மூடி ஊசிக்குழலில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். 100 அலகுக் குப்பியின் அரை மில்லிலிட்டரில் 50 அலகுகள் இருக்கும். 20 செல்ல வேண்டிய இடத்தில் 50! நோயாளியின் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, நினைவு தவறவும் கூடும். உயிருக்கே தீங்கு நேரலாம். ஊசிக்குழல்களை மாற்றி எடுத்தால் 20 அலகுகளுக்கு மாறாக 8 அலகுகளே செல்லும். சர்க்கரை குறையாமல் நோய் முற்றும்.

"நான் தவறு செய்யாமல் இருந்தால் என் நோயாளிகள் நலமாக இருப்பார்கள். என்னிடம் படிப்பவர்கள் தவறு செய்யாமல் இருந்தால், நான் பார்த்தே இராத நோயாளிகளும் நலமாக இருப்பார்கள்" என்றார் தாய். மகள் அவ்வேட்டுப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

இந்தியாவில் செவிலியர் கல்வியின் வரலாறு நீண்டது. அதில் தமிழகத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. மகப்பேற்றுத் தாதியருக்கான பயிற்சி 1854 ஆம் ஆண்டிலும், பொது மருத்துவமனையில் செவிலியருக்கான பயிற்சி 1871 ஆம் ஆண்டிலும் சென்னையில் தொடங்கின. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909 ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி ஏற்பட்டது. 1946 ஆம் ஆண்டில் வேலூரிலும் தில்லியிலும் பட்டப்படிப்புத் தொடங்கியது. அதே ஆண்டில் அறிக்கை அளித்த போர் குழு, நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற நிலையே நிலவுகிறது என்றும் காட்டியது. செவிலியர் பெருக வேண்டுமானால், முதலில் அவர்களுக்குக் கற்பிப்போர் பெருக வேண்டும் அன்றோ? தில்லிக் கல்லூரியில் 1959 ஆம் ஆண்டு முதுநிலைப் படிப்புத் தொடங்கப்பெற்றது. நாட்டின் முதல் நலவாழ்வுத் துறை அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரை இன்று அக்கல்லூரி தாங்கி நிற்கிறது.

முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவோர் செவிலியர் இளநிலைப் பட்டமும், ஓராண்டுப் பணி அனுபவமும், மன்றப் பதிவும் பெற்றிருக்க வேண்டும். அறுவை மற்றும் பொது மருத்துவச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக நலம் ஆகிய பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து பயில்வர். முதல் ஆண்டில் 'செவிலியர் கல்வி' என்பது தனிப்பாடமாகவே உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த அச்செவிலியருக்கு அப்பாடமே மிகக் கடினமாக இருந்தது. முதன்முறை வகுப்பெடுத்துக் காட்டுமாறு பணிக்கப்பட்டபோது, பத்து நிமிடப் பாடத்தை அவர் நான்கு நிமிடங்களில் முடித்துவிட்டார். அவர் விரல்கள் தாமாகவே செய்து பழகிய செயல்களை அவருடைய நாக்கு விட்டுவிட்டது. கை கழுவுதல், குப்பியின் பெயரைப் படித்தல், காலாவதி நாளைப் பார்த்தல் ஆகியவற்றை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று உடன் பயில்வோர் சுட்டிக்காட்டினர். அவரைவிடப் பத்து வயது இளையவர்கள் அவர்கள்! சற்று நாணினாலும், மறுநாள் அதே பாடத்தை மீண்டும் எடுத்தார். மூன்றாம் முறையும் எடுத்தார்.

தேர்வு முறைகளையும் அவர் கற்றார். வரிசையாக மேசைகள் இடப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பணி வைக்கப்பட்டிருக்கும். மாணவர் சில நிமிடங்களில் அதைச் செய்து காட்டிவிட்டு அடுத்த மேசைக்குச் செல்ல வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே பணி, ஒரே மதிப்பெண் பட்டியல் என்பதால், பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேச்சுக்கு அங்கு இடம் குறைவு. இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு ஒன்றும் எழுத வேண்டியிருந்தது. செய்து காட்டிக் கற்பித்தால் மாணவர் இன்சுலின் அளவைப் பிழையின்றி எடுப்பரா என்பதையே அவர் ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

அவ்விரண்டு ஆண்டுகளில் அக்குடும்பம் ஊருக்குச் செல்லவில்லை. ஒரு பொங்கலுக்கும் ஒரு தீபாவளிக்கும் தாத்தா பாட்டியைத் தொலைபேசித் திரையில் மட்டுமே மகள் கண்டாள்.

பட்டம் பெற்றபின் அவர் செவிலியர் கல்லூரி ஒன்றில் பணியில் அமர்ந்தார். முதல் செய்முறை வகுப்பில் பத்து மாணவியர் இருந்தனர். மேசைமீது மனித உருவப் பொம்மை ஒன்று கிடத்தப்பட்டிருந்தது. அதனருகே இரண்டு குப்பிகளும் இரண்டு ஊசிக்குழல்களும் இருந்தன. "20 அலகுகள் எடு" என்று ஒரு மாணவியிடம் கூறினார். அவள் விரைந்து 40 அலகுக் குப்பியைக் கையில் எடுத்தாள்; மறு கையில் ஆரஞ்சு மூடி ஊசிக்குழலை எடுத்தாள். ஆசிரியர் அதட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

"இரண்டிலும் எழுதியிருப்பதை உரக்கப் படி" என்றார்.

"நாற்பது" என்று படித்தாள் மாணவி. பிறகு, "நூறு..." என்று இழுத்தவள், ஊசிக்குழலை மெல்ல மேசைமீது வைத்துவிட்டுச் சிவப்பு மூடி உள்ளதைத் தேடினாள்.

சொற்பொருள்

செறிவு – ஒரு நீர்மத்தில் கலந்துள்ள பொருளின் அடர்த்தி
குப்பி – சிறு மருந்துப் புட்டி
கரித்தல் – நெஞ்சில் எரிச்சல் உண்டாதல்
ஆய்வேடு – ஆராய்ந்து எழுதும் நூல்

வினாக்கள்

1. "அனுபவம்" என்ற விடை செவிலியருக்கு ஏன் நிறைவளிக்கவில்லை?
2. 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசிக்குழலில் 30 என்ற கோடு வரை மருந்து எடுத்தால் எத்தனை அலகுகள் செல்லும்? கணக்கிட்டு எழுதுக.
3. முதல் வகுப்பில் செவிலியர் சொல்ல மறந்தவை யாவை?
4. 'வலிக்கிறது, கரிக்கிறது' என்பன போல உடல்நலக் குறைவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.