மாடு யாருக்குச் சொந்தம்?

போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் நடந்த வகுப்பில் கேட்டேன்: "கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு நாம எப்படி உதவலாம்?" "அரிசி, பருப்பு வாங்கிக் கொடுக்கலாம்க்கா" என்றார்கள். நல்லதுதான். ஆனால் அரிசி மாசக் கடைசியில் தீர்ந்துவிடும். அப்புறம்?

என் பாட்டி கதையைச் சொல்கிறேன். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். 1972-ல் தாத்தா இறந்தபோது பாட்டிக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். பால்மரம் வெட்டும் கூலி சாப்பாட்டுக்கே பத்தாது. லயத்துக்குப் பின்னால் ஒரு கறவை மாடு இருந்தது. கருமாதி முடிந்த மறுநாளே தாத்தாவின் தம்பி கயிற்றை அவிழ்க்க வந்தாராம். "ஆம்பள இல்லாத வீட்ல மாடு எதுக்கு அண்ணி?"

பாட்டி விடவில்லை. "புல்லு அறுக்குறது நான், பால் கறக்குறது நான். மாடு எங்கேயும் போகாது!"

பால் காசில் அன்றாடச் செலவு ஓடியது. கன்றை விற்ற காசில் மாமா பள்ளிக்கூடம் போனார். எப்போது விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதைப் பாட்டியே முடிவு செய்தார். கல்யாண வீட்டில் அவரை ஓரமாக நிற்க வைத்த அதே ஜனங்கள், கன்று வாங்க அவர் வாசலில் வந்து நின்றார்கள்.

தமிழ்நாட்டு அரசும் இதே வழியில் போனது. 2021-22-ல் கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், ஆதரவற்ற பெண்கள் என 38,800 பேருக்குத் தலா 5 ஆடுகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. ஆடு ஐந்தே மாதத்தில் குட்டி போடும்; பல நேரம் இரட்டைக் குட்டி. கிடாவை விற்றுவிட்டு, பெட்டையை வளர்த்தால் மந்தை பெருகும். ஆனால் நோய் வந்தால் முதலே போய்விடும். அதனால் தடுப்பூசியும் கால்நடை மருத்துவரும் கட்டாயம் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவருடைய பெற்றோரும் உயிரோடு இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. தம்பிக்கு ஒன்றுமில்லை. பாட்டிக்கு இந்தச் சட்டம் தெரியாது, துணிச்சல் இருந்தது. எல்லாருக்கும் அந்தத் துணிச்சல் வருமா?

இன்று அடுக்குமாடி வீட்டில் மாடு கட்ட முடியாது. தையல் இயந்திரமோ பலகாரக் கடையோ கொடுக்கலாம். எதுவானாலும் அது அவர் பெயரில், அவர் கையில் இருக்கட்டும்.

சிந்திக்க:
1. உங்கள் வீட்டில் அம்மா பெயரில் என்ன சொத்து இருக்கிறது?
2. அதை விற்கவோ வைத்துக்கொள்ளவோ முடிவு செய்வது யார்?