அம்மோனியா – நீரை நாடும் வாயு

ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும் வாயு அம்மோனியா. நைட்ரஜன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்றும் சேர்ந்தது இது. நிறமற்றது, காற்றைவிட இலேசானது, காரமான நெடியுடையது. இதன் குணங்களுள் ஒன்றை நினைவில் வைத்தால் மற்றவை எளிதில் விளங்கும். நீரில் மிகுதியாகக் கரைவதே அக்குணம்.

சாதாரண வெப்பநிலையில் ஒரு பங்கு நீர் ஏறக்குறைய 700 பங்கு அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ளும். நீரூற்றுச் சோதனையில் இதைக் கண்ணாரக் காணலாம். உலர்ந்த அம்மோனியா நிறைந்த குடுவையைத் தலைகீழாகப் பொருத்தி, அதன் குழாயைச் சிவப்பு லிட்மஸ் கரைசலில் அமிழ்த்த வேண்டும். குடுவைக்குள் சில துளி நீரைச் செலுத்தியதும் வாயு அதில் கரைந்து, உள்ளே அழுத்தம் குறையும். உடனே சிவப்புக் கரைசல் மேலேறி நீல ஊற்றாகப் பீறிடும். அம்மோனியா காரத்தன்மை உடையது என்பதற்கும் இதுவே சான்று.

தயாரிக்கும் முறை

நவச்சாரத்தையும் நீர்த்த சுண்ணாம்பையும் கலந்து சூடேற்றினால் அம்மோனியா வெளிவரும். சுட்ட சுண்ணாம்பின் வழியே செலுத்தி அதன் ஈரத்தைப் போக்குவர். நீரில் கரைவதால் இதை நீரின் மேல் சேகரிக்க இயலாது. காற்றைவிட இலேசானதால், கவிழ்த்து வைத்த சாடியில் சேகரிப்பர்.

தொழிற்சாலைகளில் ஹேபர் முறை கையாளப்படுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் ஒரு பங்கும் ஹைட்ரஜன் மூன்று பங்கும் கலந்து, சுமார் 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலும் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்திலும் இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தப்படும். ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் இதைச் செய்து காட்டினார். கார்ல் போஷ் இதைப் பெருந்தொழிலாக வளர்க்க, 1913-இல் ஒப்பாவ் நகரில் ஆலை இயங்கத் தொடங்கியது.

பயன்கள்

யூரியா, அம்மோனியம் சல்பேட் ஆகிய உரங்களுக்கு அம்மோனியாவே மூலப்பொருள். நம் வயல்களின் விளைச்சலில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அழுத்தினால் எளிதில் திரவமாகி, மீண்டும் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்வதால் ஐஸ் தொழிற்சாலைகளிலும் பயன்படுகிறது. நைட்ரிக் அமிலமும் இதிலிருந்தே கிடைக்கிறது. முதல் உலகப்போரில் ஜெர்மனி அவ்வமிலத்தைக் கொண்டு வெடிமருந்து செய்தது. பயிரை வளர்த்த பொருளே உயிரையும் பறித்தது.

எச்சரிக்கை

கண், மூக்கு, தொண்டை யாவும் ஈரமானவை. நீரை நாடும் அம்மோனியா முதலில் அவற்றையே தாக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர்க் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, கரையோர மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக வீடுகளைவிட்டு ஓட நேர்ந்தது.

ஆனால் தீங்கு செய்யும் அக்குணமே தற்காப்புக்கும் வழிகாட்டுகிறது. கசிவின்போது நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால், வாயுவில் ஒரு பகுதி அந்நீரிலேயே கரைந்துவிடும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல், குறைந்தது 15 நிமிடம் தூய நீரால் கழுவி, மருத்துவரை நாட வேண்டும். தோழியரே, தேர்வுக்காகப் படிக்கும் இப்பாடத்தை வீட்டிலுள்ளோருக்கும் சொல்லிவையுங்கள். ஒருநாள் அது உயிர் காக்கக்கூடும்.