எட்டாம் மாதமே நிறைமாதம்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலூர் மாவட்டத்தில் கிள்ளை, முடசல்ஓடை, பிச்சாவரம் பக்கம் ஒரு பெண்ணுக்கு ஸ்கேனில் ரெட்டை என்று தெரிந்துவிட்டால் போதும், தெருவே யோசனை சொல்ல வந்துவிடும். எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மாமியாரும் அத்தையும் எதிர்வீட்டு ஆயாவும் மூன்று நான்கு பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். ஆனால் அவர்கள் சுமந்தது ஒவ்வொரு முறையும் ஒற்றைப் பிள்ளை. அந்தக் கணக்கை அப்படியே இரட்டை சுமக்கிறவளுக்குப் போடும்போதுதான் ஆபத்து வருகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் 32 வாரத்திலேயே கருப்பை, ஒற்றைப் பிள்ளைக்கு நிறைமாதத்தில் இருக்கிற அளவுக்கு விரிந்துவிடும். ஊர் “எட்டாம் மாசம்தானே” என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் உடம்பு நிறைமாதத்தைத் தொட்டிருக்கும். இந்த ஒன்றை வீட்டில் எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஒட்டிப் பிறந்த ரெட்டை வாழைப்பழம் தின்றதால் ரெட்டை தரித்தது என்ற பேச்சை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளியாகிக் கருவானாலோ, ஒரு கரு இரண்டாகப் பிரிந்தாலோதான் இரட்டை. பழத்துக்கு அதில் பங்கில்லை. 2021-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்றின்படி, இன்று பிறக்கும் 42 பிள்ளைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர். தாய்மை அடையும் வயது கூடியதும் குழந்தைப்பேறு சிகிச்சை பரவியதும் அதற்குக் காரணங்கள். அதனால் இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அதிசயம் இல்லை. நம் தெருவிலும் நடக்கும்.

“அது சூட்டு வலி. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு”

இந்தப் பக்கத்தில் இதைக் கேட்காத கர்ப்பிணி இருக்க மாட்டாள். வயிறு இழுத்துப் பிடிக்கிறது, இடுப்பு கடுக்கிறது என்று அவள் சொன்னதும் சூடு என்று தீர்ப்பு வந்துவிடும். சீரகமோ சோம்போ கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள், அடிவயிற்றில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், காலை வரை பார்க்கலாம் என்பார்கள். சீரகத் தண்ணீரால் கெடுதல் ஒன்றும் இல்லை. கெடுதல் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

கடைசி மாதங்களில் கருப்பை அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்புதான். உட்கார்ந்தால், இடப்பக்கம் படுத்தால், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அது அடங்கிவிடும். பிரசவ வலி அப்படி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒற்றைப் பிள்ளைக்கு ஒன்பது மாதம் கடந்தபின் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க இடம் உண்டு. ஆனால் இரட்டையர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் முடியுமுன்பே பிறக்கிறார்கள். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் நாலு முறைக்கு மேல் வயிறு இறுகினால், முதுகின் அடிப்பகுதியில் விட்டுவிட்டு வலித்தால், கீழே அழுத்துகிற மாதிரி இருந்தால், தண்ணீர் போலவோ ரத்தம் கலந்தோ பட்டால், அதைச் சூடு என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டில் யாருக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் கையை வைத்துப் பார்த்து “ஒன்றுமில்லை, போங்க” என்றால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு ஊசி. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகும் போலிருந்தால், பிள்ளைகளின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். குறைமாதப் பிள்ளையைக் காப்பாற்றுவதில் இது பெரிய ஆயுதம். ஆனால் முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாளாவது வேண்டும். இரவு முழுக்கக் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு விடியற்காலையில் ஆட்டோ பிடித்தால் அந்த நேரம் கைவிட்டுப் போகிறது.

விளக்கெண்ணெயைத் தடவாமல் குடிக்கக் கொடுப்பவர்களும் உண்டு. அது வயிற்றுப்போக்கை உண்டாக்கி, கருப்பையையும் தூண்டிவிடலாம். கூடவே கூடாது.

“ஏழாம் மாசம் பொழைக்கும், எட்டாம் மாசம் தங்காது”

எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் பேச்சு இதுதான். இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. பழைய கிரேக்கத்தில் ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் எட்டாம் மாதப் பிள்ளையைப் பற்றித் தனியாகவே ஒன்று இருக்கிறது. அத்தனை காலமாகச் சொல்லிவந்தும் அது பொய்தான். பிள்ளை வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்குப் பலம். 28 வாரத்தில் பிறந்ததைவிட 32 வாரத்தில் பிறந்தது நன்றாகத் தேறும். 32-ஐவிட 35 இன்னும் நல்லது.

இந்த நம்பிக்கை ஒற்றைப் பிள்ளை வீட்டில் வெறும் பேச்சாகப் போய்விடும். இரட்டையர் பலருக்குப் பிறக்கும் மாதமே எட்டாவதாக இருக்கும்போது அது மனதை ஒடிக்கிறது. எடை குறைந்த இரண்டு பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடுகின்றன. வெளியே நின்று ஒரு பெரியவர் இந்த வாக்கியத்தைச் சொன்னால், நெஞ்சோடு அணைத்து வைத்துச் சூடு கொடுக்க வேண்டிய தாய் கையை இழுத்துக்கொள்கிறாள். பால் பீய்ச்சிக் கொடுக்கவும் தெம்பு இழக்கிறாள். அந்த வாக்கியத்தை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

“புரண்டு படுத்தா கொடி சுத்திக்கும்”

ஒரு பக்கம் படுத்தவள் மறுபக்கம் படுக்க வேண்டுமானால் எழுந்து உட்கார்ந்து, பிறகுதான் திரும்பிப் படுக்க வேண்டும் என்பது இங்கே எழுதாச் சட்டம். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றுவது பிள்ளை உள்ளே நீந்திப் புரள்வதால் நடக்கிறது. அம்மா பாயில் புரள்வதால் அல்ல. பிறக்கும் பிள்ளைகளில் நாலைந்தில் ஒன்றுக்குக் கழுத்தில் ஒரு சுற்றாவது இருக்கும். பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் அதை விலக்கிவிட்டுப் பிரசவத்தை முடித்துவிடுவார்கள்.

இந்தச் சட்டம் இரட்டை சுமக்கிறவளை என்ன பாடு படுத்துகிறது என்று பாருங்கள். சிறுநீருக்காகவே இரவில் பலமுறை எழுகிறாள். நடுவில் இடுப்பு வலித்து மறுபக்கம் படுக்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் தரையில் கையூன்றி, அத்தனை பாரத்தையும் தூக்கி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி சாய வேண்டும். அந்த நேரத்தில் இடுப்பெலும்பின் மூட்டுகளும் முன்பக்க இணைப்பும் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு எழுச்சியும் கத்தி செருகுவது போல வலிக்கும்.

அவள் படுத்தபடியே புரளலாம். இரண்டு முழங்கால்களையும் மடக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்பும்படி உருள வேண்டும். கால்களை அகட்டித் திரும்பினால்தான் வலி கூடும். தொடைகளுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய சேலை ஒன்று, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. எழும்போது நேராக நிமிராமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, காலைக் கீழே விட்டு எழ வேண்டும். கட்டில் இருந்தால் இந்தச் சில மாதங்களுக்காவது அது அவளுக்குத்தான். பாயிலிருந்து எழுவது அவளுக்கு இருமடங்கு வேலை. மல்லாந்து படுப்பதுதான் தவிர்க்க வேண்டியது. கருப்பையின் பாரம் முதுகுப்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும், பிள்ளைகளுக்குப் போகும் ரத்தமும் குறையும். இடப்பக்கம் நல்லது என்பார்கள். வலப்பக்கம் படுத்தாலும் பயமில்லை.

வேலை விஷயத்தில் தெருவில் இரண்டு கட்சி. “குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாதான் சுகப்பிரசவம்” என்பது ஒன்று. “ரெட்டைன்னா படுத்த படுக்கையா இருக்கணும்” என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. காரணமில்லாமல் முழு ஓய்வில் படுக்க வைப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுவதாக ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. மாறாகக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, தசை தளர்கிறது, மலச்சிக்கல் முற்றுகிறது. வீட்டுக்குள் நடமாடலாம், சமைக்கலாம், மாலையில் மெல்ல நடக்கலாம். ஆனால் குடத்தை இடுப்பில் சுமப்பதும் மணிக்கணக்கில் நிற்பதும் வேண்டாம். இங்கே இருளர் பெண்கள் உப்பங்கழியில் இறங்கி, பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அந்த வேலையை இரட்டை சுமப்பவள் ஆறாம் மாதத்தோடு நிறுத்துவதே நல்லது. அப்படி நிறுத்தும் பெண்ணுக்கு அன்றாட வருமானம் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. கர்ப்பத்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரம் பதிந்தால்தான் அது உரிய நேரத்தில் கைக்கு வரும்.

“நிறைய தின்னா புள்ள பெருத்துடும், வெளியே வராது”

இரட்டையருக்குப் பொதுவான கவலை எடை குறைவுதான், அதிகம் அல்ல. சாதாரண உடல்வாகுள்ள பெண் இரட்டைக் கர்ப்பத்தில் 17 முதல் 25 கிலோ வரை கூடலாம் என்பது மருத்துவ வழிகாட்டி. “மூணு ஆள் சோறு சாப்பிடு” என்று திணிப்பதும் நடக்காது. இரைப்பை மேலே தள்ளப்பட்டு இடமில்லாமல் நெஞ்செரிச்சல் எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுவதுதான் வழி. சாப்பிட்டவுடன் படுக்காமல் இருந்தால் எரிச்சல் குறையும்.

கடலை ஒட்டி இருக்கிற ஊரில் “மீன் தின்னா பிள்ளைக்குக் கரப்பான் வரும்” என்று நிறுத்துவது எனக்குத் தாங்கவில்லை. தாய்க்கே ஒவ்வாமை இருந்தால் தவிர, நன்றாக வேகவைத்த நெத்தலி, மத்தி, கிழங்கான், இறால் எல்லாம் சாப்பிடலாம். பாதரசம் சேரக்கூடிய பெரிய சுறா போன்ற மீன்களைத் தவிர்த்தால் போதும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுக்கும் என்பதும் பொய். கறுப்பது மலம் மட்டும், அதில் பயமில்லை. இரட்டைக்கு ரத்தசோகை எளிதில் வரும், ஆகவே அந்த மாத்திரை கட்டாயம். டீயோடு போட்டால் உடம்பில் ஏறாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். பெட்டகத்தில் வரும் டானிக்கும் பேரீச்சம்பழமும் நெய்யும் அவளுக்கு மட்டுமே.

“ரெட்டைன்னா கால் வீங்கத்தான் செய்யும்”

மாலையில் பாதம் வீங்கிக் காலையில் வடிந்தால் சரி, காலை உயர்த்தி வைக்கலாம். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்று நினைப்பது தப்பு. குறைத்தால் சிறுநீர்த் தொற்றும் கருப்பை இறுக்கமும்தான் கூடும். முகமும் கைவிரலும் வீங்கி மோதிரம் இறுகினால், விடாமல் தலைவலித்தால், கண் மங்கினால், நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் வலித்தால் அது ரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். இரட்டை சுமப்பவருக்கு அது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அழுத்தம் 140/90 ஆனாலே மருத்துவர் பார்க்க வேண்டும். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால் “தோல் விரியுது” என்று விட்டுவிடாதீர்கள். கல்லீரல் சம்பந்தப்பட்டதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

“ஒன்பதாம் மாசம் வளைகாப்பு போட்டு அழைச்சிட்டுப் போறோம்”

இரட்டைக்கு ஒன்பதாம் மாதம் என்பது தாமதம். இரண்டுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி என்றால், சிக்கல் இல்லாவிட்டாலும் 37, 38 வாரத்திலேயே பிரசவம் பார்ப்பார்கள். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தால் இன்னும் முன்னதாக, 36 வாரத்தை ஒட்டி. அவர்களுக்கு ஸ்கேனும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டும். எந்த வகை என்பதை மூன்றாம் மாத ஸ்கேனிலேயே கேட்டுத் தாய்சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளையல் போடுவதும் தாய்வீடு போவதும் ஏழாம் மாதத்திலேயே முடியட்டும். நாற்காலியில் உட்கார வைத்தே சடங்கைச் செய்யலாம். தாய்வீட்டிலிருந்து பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. கிள்ளையிலிருந்து அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகியிருக்கும் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. அதைவிட்டு வசதியில்லாத தாய்வீட்டுக்குப் போவதில் அர்த்தமில்லை.

புயல் மாதங்களில் இந்தக் கணக்கை இன்னும் முன்னால் தள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அட்டையில் பிரசவத் தேதி ஜனவரி என்று இருந்தாலும் இரட்டைக்கு உண்மையான தேதி டிசம்பரில் வந்துவிடும்.

இரட்டை என்றாலே ஆபரேஷன்தான் என்பதும் உண்மையில்லை. 2,800 பெண்களிடம் நடத்தி 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் பிள்ளையின் தலை கீழே இருந்தபோது, திட்டமிட்ட சிசேரியனால் பிள்ளைகளுக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை. முதல் பிள்ளை குறுக்கே இருந்தால், அல்லது இருவரும் ஒரே பனிக்குடத்தில் இருந்தால் கதை வேறு. இதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

கடைசி வாரங்களில் “இடம் இல்லை, அதனால அசைவு குறையுது” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அசைவின் விதம் மாறலாம்; அசைவு குறையக் கூடாது. இருவரில் ஒருவர் இருக்கும் பக்கம் அமைதியாகிவிட்டது போலத் தோன்றினாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். 108-ஐ அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே “ரெட்டை, இத்தனை வாரம்” என்று சொல்லுங்கள். அளவுக்கு மீறி விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்கத் தாமதித்து ரத்தப்போக்கு அதிகமாகலாம். அதனால் அவள் ரத்த வகையும், ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் ஏழாம் மாதத்திலேயே அந்த அட்டையின் பின்பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.